புதுப்பிப்பு: ஒரே ஸ்ட்ரிங் டென்ஷன், இரண்டு டென்னிஸ் ராக்கெட், ஒன்று மட்டும் ஏன் தளர்வு?

போன வாரம் கேட்டிருந்தேன்: டென்னிஸ் போட்டியில் ஒரு வீரரின் இரண்டு ராக்கெட்டுகளுக்கும் 24 கிலோ டென்ஷனில் (இழுவிசையில்) தான் ஸ்ட்ரிங் (வலை நரம்பு) கட்டினேன், ஒன்று தளர்வாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார், ஏன் என்று.

தப்பு என்னுடையதுதான். அவசரத்தில் இரண்டாவதை வேறு மெஷினில் கட்டியிருந்தேன். முதலாவது மின்சார மெஷின். கிளாம்ப் (ஸ்ட்ரிங்கைப் பிடித்து நிறுத்தும் பிடி) போடும்வரை ஸ்ட்ரிங்கை விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். மற்றது கையால் சுற்றுவது. 24-ஐத் தொட்டதும் பூட்டிக்கொள்ளும், அப்புறம் ஸ்ட்ரிங் நீள நீள டென்ஷன் இறங்கும். போதாததற்கு ஸ்ட்ரிங் பாலியெஸ்டர், சும்மாவே சீக்கிரம் தளரும். முந்தின இரவே கட்டி வைத்தீர்களா என்று கேட்டவருக்கு: இல்லை, இரண்டும் அன்று காலையில்தான்.

பெரிய போட்டிகளில் ஒரு வீரருக்குக் கடைசிவரை ஒரே ஆள், ஒரே மெஷின் என்று வைப்பதை வெறும் பந்தா என்று நினைத்திருந்தேன்!

சரி, மின்சார மெஷினில் மறுபடி கட்டிக் கொடுத்தேன். உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் எடுத்துப் போனார்.