ஜெயித்தவர் கடைசி ஆளுக்காகக் காத்து நிற்பது பெருந்தன்மையா, கேமராவுக்காகவா?

வெண்பனி கேட்டது:
2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக், ஆண்கள் 15 கிலோமீட்டர் கிராஸ் கன்ட்ரி ஸ்கீ (மேடு பள்ளமான பனித்தடத்தில் சறுக்கிச் செல்வது) பந்தயத்தின் காணொளியை நேற்றுதான் பார்த்தேன். தங்கம் வாங்கிய ஃபின்லாந்துக்காரர் ஈவோ நிஸ்கனென் கிளம்பிப் போகாமல் எல்லைக் கோட்டருகே காத்திருந்து, கடைசியாக வந்து சேர்ந்த கொலம்பியாவின் கார்லோஸ் குயின்டானாவை வரவேற்கிறார். நிஸ்கனெனுக்கு ஆனது 38 நிமிடத்துக்கும் குறைவு, குயின்டானாவுக்கு 55 நிமிடத்துக்கு மேல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூடப் பார்த்த நண்பனோ, "ஜெயித்தவனுக்கு இதில் என்ன நஷ்டம், சும்மா நிற்பதுதானே" என்கிறான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

சறுக்கல் மன்னன்:
சும்மா நிற்பதா! அந்தப் பந்தயம் முடிந்ததும் எத்தனை பேர் பனியிலேயே சுருண்டு விழுகிறார்கள் என்று உங்கள் நண்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். உடம்பில் மெல்லிய உடை, அதுவும் வியர்வையில் நனைந்தது, சுற்றிலும் உறைகுளிர். யாராக இருந்தாலும் முதல் வேலையாக உள்ளே ஓடி உடை மாற்றத்தான் நினைப்பார்கள்.

ராக்கோழி:
நஷ்டக் கணக்குதானே கேட்கிறார்? அப்படியென்றால் 2006 டூரின் குளிர்கால ஒலிம்பிக். பெண்கள் டீம் ஸ்பிரின்ட் ஸ்கீ பந்தய இறுதியில், கனடாவின் சாரா ரென்னர் ஊன்றித் தள்ளும் இரண்டு கோல்களில் ஒன்று உடைந்துவிட்டது. ஒற்றைக் கோலை ஊன்றி அவர் தடுமாற, மற்றவர்கள் முந்திப் போகிறார்கள். பாதையோரம் நின்றிருந்த நார்வே பயிற்சியாளர் பியோர்னர் ஹோகென்ஸ்மோன் சட்டென்று ஒரு கோலை நீட்டினார். அது ரென்னருடையதைவிட நீளம், ஆனாலும் அதை வைத்தே சமாளித்தார். கனடாவுக்கு வெள்ளி. நார்வேக்கு நான்காம் இடம்! அப்புறம் கனடாக்காரர்கள் நன்றி சொல்லி அவருக்கு டப்பா டப்பாவாக மேப்பிள் பாகு அனுப்பினார்கள்.

பழைய கணக்கு:
இதற்கெல்லாம் முன்னோடி யூஜெனியோ மான்டி. 1964 இன்ஸ்ப்ரூக் குளிர்கால ஒலிம்பிக், இருவர் பாப்ஸ்லெட் (பனிச்சறுக்கு வண்டிப் பந்தயம்). பிரிட்டனின் டோனி நாஷ், ராபின் டிக்சன் ஜோடியின் வண்டியில் ஒரு போல்ட் முறிந்து போக, இத்தாலிக்காரரான மான்டி தன் வண்டியிலிருந்தே கழற்றிக் கொடுத்தார். அவர்களுக்குத் தங்கம், இவருக்கு வெண்கலம். சொந்த நாட்டிலேயே திட்டு வாங்கினார். அதற்கு அவர் சொன்ன பதில்தான் எனக்குப் பிடித்தது: நாஷ் ஜெயித்தது நான் கொடுத்த போல்ட்டால் இல்லை, வேகமாக ஓட்டியதால். நான்கு வருஷம் கழித்து கிரெனோபிள் ஒலிம்பிக்கில், 40 வயதில், பாப்ஸ்லெட்டின் இரண்டு தங்கத்தையும் அவரே வாங்கினார்.

மூச்சுவாங்கி:
எல்லோரும் கொடுத்தவரையே பேசுகிறீர்கள். நான் கடைசி ஆளின் கட்சி. 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கின் கிராஸ் கன்ட்ரி பந்தயத்தில் மெக்சிகோவின் ஹெர்மான் மத்ராசோ, வயது 43, ஸ்கீ பழக ஆரம்பித்தே கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. 116-வதாக, அதாவது கடைசியாக, கொடியை ஏந்திக்கொண்டு வந்தார். அவருக்குச் சற்று முன்னால் முடித்தவர்கள் ஓடிவந்து தோளில் தூக்கினார்கள், தங்கம் வாங்கிய டாரியோ கொலோனாவும் காத்திருந்து கைகொடுத்தார். முன்னால் ஒருவரும் இல்லை, பின்னால் ஒருவரும் இல்லை, பாதியில் விலகினாலும் கேட்க ஆளில்லை என்ற நிலையில் அந்த ஏற்றங்களில் ஏறியதற்கு என்ன பெயர் வைப்பது? நிஸ்கனெனுக்கும் அது தெரிந்திருக்கும், அவரும் குயின்டானா ஏறிய அதே ஏற்றத்தில் ஏறியவர்தானே.