புதுப்பிப்பு: குளியலறை வாஷ்பேசின் மேடைக்கு எந்தக் கல்?

வாஷ்பேசின் மேடைக்கு மார்பிளா, கிரானைட்டா, குவார்ட்ஸா (கல்துகள்களைக் கொண்டு ஆலையில் செய்யப்படும் பலகை) என்று நான் கேட்டபோது பொறுமையாக விளக்கிய அனைவருக்கும் நன்றி. மாதிரித் துண்டுகளின் மேல் எலுமிச்சைச் சாற்றை இரவு முழுவதும் விட்டுப் பாருங்கள் என்று ஒருவர் சொன்ன யோசனையே முடிவைத் தந்தது. மார்பிள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் என்பதால், சாறு பட்ட இடம் காலையில் பளபளப்பை இழந்து வெளிறியிருந்தது. இது கறையன்று, கல்லே அரிக்கப்பட்ட தழும்பு, ஆகவே சாதாரண சீலர் (கல்லின் நுண்துளைகளை அடைக்கும் பூச்சு) பூசினாலும் இதைத் தடுக்க இயலாது. கிரானைட் தாங்கியது, ஆனால் அதற்கு அவ்வப்போது சீலர் பூச வேண்டியிருக்கும் என்பதால் குவார்ட்ஸையே பதித்தோம்.

எதிர்பாராதது ஒன்று: குவார்ட்ஸில் கல்துகள்களைப் பிணைப்பது ரெசின் என்னும் பிளாஸ்டிக் போன்ற பிசின் ஆகையால், சூடான முடி நேராக்கும் கருவியை நேரடியாக வைத்த இடத்தில் மஞ்சள் தடம் விழுந்து, தேய்த்தும் போகவில்லை. இப்போது கருவியைச் சிலிகோன் விரிப்பின் மேல்தான் வைக்கிறோம்.