கிளினிக்கல் போஸ்டிங்கில் நர்சிங் மாணவர்கள் கையில் செல்போன் இருக்கலாமா?

நான்காமாண்டு மாணவி
எங்கள் கல்லூரியில் கிளினிக்கல் போஸ்டிங் (மருத்துவமனைப் பயிற்சி) நாள்களில் பேருந்தில் ஏறும்போதே செல்போன்களை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுகிறார்கள். வார்டிலோ, ஒரே மருந்து நாளுக்கொரு நிறுவனப் பெயரில் கேஸ் ஷீட்டில் எழுதப்படுகிறது. அதன் மூலப்பெயர் என்ன, எதில் கலக்க வேண்டும், எவ்வளவு மெதுவாகச் செலுத்த வேண்டும் என்பதையெல்லாம் அரை நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். ஆனால் செல்போன் பேருந்தில் இருக்கிறது, வார்டின் மருந்துக் கையேடு அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது. வலிப்புக்குப் போடும் ஃபெனிடாயினை டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைத் திரவத்தில் கலந்தால் வீழ்படிவாகிவிடும், நார்மல் சலைன் என்ற உப்புத் திரவத்தில்தான் கலக்க வேண்டும் என்று இரண்டாமாண்டில் படித்த ஒருத்திக்கு நான்காமாண்டில் அது மறந்திருக்கலாம். அவள் சரிபார்க்க ஒரு வழி வேண்டாமா?

டியூட்டர்
வழி இருக்கிறது, பெண்ணே. பக்கத்தில் இருக்கும் ஸ்டாஃப் நர்ஸிடமோ என்னிடமோ கேட்பதுதான் அது. செல்போன் தரும் பதில் எந்த நாட்டுக்கான பதில் என்று மாணவிக்குத் தெரிவதில்லை என்பதுதான் என் அச்சம். நம் அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் குப்பி பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். வெளிநாட்டுக் காணொளிகள் காட்டுவதோ 100 யூனிட். சிவப்பு மூடி கொண்ட 40 யூனிட் சிரிஞ்சில், 100 யூனிட் குப்பியிலிருந்து 20 என்ற கோடு வரை எடுத்தால், உள்ளே போவது 20 அல்ல, 50 யூனிட். இந்த வேறுபாட்டைக் குப்பியையும் சிரிஞ்சையும் கையில் பிடித்துப் பார்த்துத்தான் கற்க முடியும். 500 மில்லி திரவத்தை 4 மணி நேரத்தில், மில்லிக்கு 20 சொட்டு விழும் டிரிப் செட்டில் ஏற்ற வேண்டுமென்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு என்று மனக்கணக்காகச் சொல்ல முடியாதவள், மின்சாரம் போன இரவில் என்ன செய்வாள்?

இரவுப்பணி பிரதர்
மேடம் சொல்லும் இன்சுலின் கணக்கு சரிதான். அதை நானும் மறுக்கவில்லை. ஆனால் "பக்கத்தில் இருக்கும் ஸ்டாஃப் நர்ஸ்" யார் என்று யோசித்துப் பாருங்கள். இரவில் வார்டு முழுவதற்கும் செவிலியராக நான் ஒருவன்தான் இருப்பேன். ஒரு படுக்கையில் மூச்சுத்திணறல், இன்னொன்றில் டிரிப் நின்றுவிட்டது என்று ஓடிக்கொண்டிருப்பவனை நிறுத்திச் சந்தேகம் கேட்க முதல் போஸ்டிங்குக்கு வந்த மாணவிக்குத் துணிவு வராது. கேட்காதவள் ஊகிப்பாள், எனக்கு அந்த ஊகம்தான் பயம். அதே நேரத்தில், கையுறை போட்ட கையால் செல்போனைத் தொட்டுவிட்டு அப்படியே நோயாளியின் நரம்பில் செருகிய கேனுலாவையும் தொடுபவர்களை எங்கள் சீனியர்களிடமே பார்க்கிறேன். நோயாளியைத் தொடுவதற்கு முன் கை கழுவுவது உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஐந்து தருணங்களில் முதலாவது. கழுவிய கை செல்போனுக்குப் போய்வந்தால் மறுபடியும் கழுவத்தான் வேண்டும், நடைமுறையில் யாரும் கழுவுவதில்லை.

ஒரு தாய்
நீங்கள் எல்லாரும் மருந்தைப் பற்றியே பேசுகிறீர்கள். பிரசவமான மறுநாள் தையலைப் பார்க்க வந்த மாணவிகளில் ஒருத்தியின் கையில் செல்போன் இருந்தது. அவள் நேரம் பார்த்தாளோ, பாடக் குறிப்பைப் பார்த்தாளோ, படமெடுத்தாளோ, படுத்திருந்த எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் கூச்சமாக இருந்தது. நீங்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், ஆடை விலக்கப்பட்டுக் கிடக்கும் பெண்ணின் எதிரே கேமரா உள்ள எதுவும் இருக்கக் கூடாது.

டியூட்டர்
அம்மா சொன்னதுதான் சரி. 2010இல் அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில், பயிற்சிக்குச் சென்ற நர்சிங் மாணவியர் நஞ்சுக்கொடியுடன் படமெடுத்து, அது பேஸ்புக்கில் ஏறியதும் கல்லூரி அவர்களை நீக்கியது. இங்கும் அனுமதியின்றி ஒருவரின் அந்தரங்க உறுப்பைப் படமெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். எச்.ஐ.வி. தொற்றுள்ளவரின் விவரத்தை வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது; பாலியல் வன்முறைக்குள்ளான குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைப் போக்சோ சட்டம் தடுக்கிறது. இந்த மூன்று வகை நோயாளிகளும் ஒரே வாரத்தில் ஒரு மாணவியின் பொறுப்பில் வரக்கூடும்.

நான்காமாண்டு மாணவி
கேன்சஸ் கதையின் பாதியைத்தான் மேடம் சொன்னீர்கள். நீக்கப்பட்டவர்களில் ஒருவர் வழக்குத் தொடுத்தார். முறையாக விசாரிக்காமல் நீக்கியது தவறு என்று 2011 ஜனவரியில் கூட்டாட்சி நீதிமன்றம் அவரைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. படத்தில் நோயாளியின் பெயரோ முகமோ இல்லை. எடுக்க ஆசிரியர் இசைந்தார் என்பதும் அந்த வழக்கில் பேசப்பட்டது. எழுதப்பட்ட விதி எதுவும் இல்லாமல், யாரோ ஒருவர் "சரி" என்று சொல்வதும் பிறகு நிர்வாகம் தண்டிப்பதும்தான் அங்கே நடந்தது.

இங்கேயும் அதுதான் நடக்கிறது. போஸ்டிங் பட்டியல் வாட்ஸ்ஆப் குழுவில்தான் வருகிறது. கேர் பிளான் (நோயாளிப் பராமரிப்புத் திட்டம்) எழுதுவதற்காகக் கேஸ் ஷீட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அந்தப் படத்தில் நோயாளியின் பெயர், வயது, ஐ.பி. (உள்நோயாளி) எண், நோய் எல்லாம் இருக்கின்றன. மருந்துச் செயலியைத் திறந்தால் செல்போன் குற்றம், கேஸ் ஷீட்டை அனுப்பினால் அதே செல்போன் பாடம் என்றால், மாணவி எதைக் கற்றுக்கொள்வாள்? அந்தத் தாய் சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன்: படுக்கையருகே வேண்டாம். நர்சிங் ஸ்டேஷனில் ஏன் கூடாது?

டியூட்டர்
கேஸ் ஷீட் படத்தை நானும் எதிர்க்கிறேன், எங்கள் கூட்டத்தில் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் நர்சிங் ஸ்டேஷனில் தனிப்பட்ட செல்போனை அனுமதித்தால் அது பத்தே நிமிடத்தில் பாக்கெட்டுக்குள் போய்ப் படுக்கையருகே வந்துவிடும். அதற்குப் பதில், கேமராவை முடக்கி, இங்கே கிடைக்கும் குப்பி அளவுகளோடு கூடிய மருந்து விவரம் மட்டும் ஏற்றிய ஒரு டேப்லெட்டைக் கல்லூரியே வாங்கி மேசையில் பொருத்தலாம்.

இரவுப்பணி பிரதர்
பொருத்தினால் மேசையோடு சேர்த்தே பொருத்துங்கள், மேடம். இன்சார்ஜ் சிஸ்டர் மாலையில் வீட்டுக்குப் போகும்போது அலமாரியைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போவதும், பிறகு இரவு முழுக்க மருந்துக் கையேடு இல்லாமல் நாங்கள் சமாளிப்பதும் எங்கள் வார்டில் வழக்கம். டேப்லெட்டும் அந்த அலமாரிக்குள் போனால், இரவு போஸ்டிங்குக்கு வரும் மாணவி சீருடைக்குள் செல்போனை ஒளித்துத்தான் வருவாள். நான் அதைக் கண்டும் காணாததுபோல் இருப்பேன்.