பழைய டிவியில வீடியோ இன்புட்: பிளக்கைத் திருப்பினாப் போதுமா?

ஈரோட்டுக்காரன்: வீடியோ சாக்கெட் இல்லாத பழைய டிவியில டிவிடி பிளேயரை மாட்டறதுக்கு, "பிளக்கைத் திருப்பிச் சொருவுங்க, டெஸ்டர் எரியலைன்னா சேசிஸ்ல (டிவி சர்க்யூட்டோட பொது கிரவுண்ட்) நேரா ஆர்சிஏ ஜாக் (டிவிடி ஒயர் சொருவுற சாக்கெட்) மாட்டலாம்"னு பல்லடத்துக்காரர் எழுதியிருக்காருங்க. ஆளைக் கொல்ற யோசனை இது. நாலு டயோடு பிரிட்ஜ் (ஏசியை டிசியா மாத்துறது) போட்டு, டிரான்ஸ்பார்மர் இல்லாம ஓடுற செட்டுல எந்தப் பக்கம் சொருவினாலும் சேசிஸ்ல கரண்ட் இருக்கும். 230 வோல்ட்டுக்கு 230 வோல்ட் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் (கரண்ட் லைனோட நேரடித் தொடர்பை அறுக்கிறது), 100 விஏ, கட்டாயம் வேணுமுங்க. பேட்டரியிலயும் ஓடுற 12 வோல்ட் போர்ட்டபிள்னா உள்ளாறயே டிரான்ஸ்பார்மர் இருக்கும், அது வேற.

பல்லடம் ரேடியோ: டிரான்ஸ்பார்மர் வெலை தெரியுங்களா? டெஸ்டர் எரியலைன்னா முடிஞ்சுது. பயம்னா ஆன்டெனா சாக்கெட்டுல இருக்கறாப்புல ரெண்டு கண்டென்சர் போடுங்க.

ஈரோட்டுக்காரன்: ஆன்டெனாவுல வர்றது மெகாஹெர்ட்ஸ், 1 நானோஃபாரட் கண்டென்சர் போதும். வீடியோ 50 ஹெர்ட்ஸ் வரைக்கும் எறங்குது. அங்க 1 நானோ 3 மெகா ஓமுக்கு மேல தடையா நிக்கும், படம் வராது. 1 மைக்ரோஃபாரடா ஏத்தினா லைன் கரண்ட் 70 மில்லியாம்பியர் பாயும். டிவிடி பிளேயரைத் தொடுறவன் கதி என்னங்க?

கோபி: சண்டை இருக்கட்டுங்ணா. டிடிஏ 2541 ஐசியில (ஸ்டேஷன் சிக்னல்ல இருந்து படத்தைப் பிரிக்கிறது), வீடியோ வெளிய வர்ற 12-ஆம் கால்ல டிவிடி ஒயரைச் சேர்த்தாப் படத்து மேல புள்ளியா ஓடுமே?

ஈரோட்டுக்காரன்: ஐசி தர்ற இரைச்சலும் சேர்ந்து வருதுங்க தம்பி. 5.5 மெகாஹெர்ட்ஸ் ட்ராப்புக்கு (சவுண்ட் சிக்னலைத் தடுக்கிற பில்டர்) அக்கட்டால டிராக்கை வெட்டி சுவிட்ச் போடுங்க. அங்க 3 வோல்ட் பக்கம் வேணும், டிவிடி தர்றது 1 வோல்ட். ரெண்டு பிசி547 டிரான்சிஸ்டர் போட்டு மூணு மடங்கு ஆக்கோணும். கலெக்டர் கால்ல எடுக்குற ஒத்தை டிரான்சிஸ்டர்னா சிக்னல் தலைகீழாகும், படம் நெகட்டிவ், சின்க்கும் (படத்தை ஓடாம நிறுத்துற சிக்னல்) நிக்காது. இன்புட்டுல 75 ஓம் ரெசிஸ்டரைப் போடாம விட்டுட்டா வெள்ளையெல்லாம் வெளிறிப் போகும்.

பொள்ளாச்சி: 68 ஓம் போட்டாலே போதுமுங்க. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

ஈரோட்டுக்காரன்: 150 ஓம் ரெண்டைப் பேரலல்ல போட்டா சரியா 75. இதுக்குக் கூடவா சோம்பல்?

பொள்ளாச்சி: முன்ன ஸ்டெபிலைசர் பத்திப் பேசினப்பவும் இப்படித்தான் மட்டந்தட்டுனீங்க. எனக்கும் தொழில் தெரியுமுங்க.

பல்லடம் ரேடியோ: பொள்ளாச்சிக்காரரு பேச்சை மாத்துறாரு. ஒத்தை டயோடு செட்டுக்கு (லைன்ல ஒரு ஒயர் நேரா சேசிஸுக்குப் போறது) நான் சொன்னது சரிதானுங்க?

ஈரோட்டுக்காரன்: இல்லீங்க. ரெண்டு பின் பிளக்கை நாளைக்கு வேறொருத்தர் மாத்திச் சொருவினா? தோட்டத்து லைன்ல நியூட்ரல் விட்டுப்போனா? சேசிஸ் மொத்தமும் ஃபேஸ்.

பல்லடம் ரேடியோ: அதுக்குத்தானுங்க டெஸ்டர் வைக்கச் சொன்னது.