சேது வழியில் முதல் நாள்: தொண்டியிலிருந்து எங்கெங்கே நிற்பது?

பட்டுக்கோட்டைப் பையன்:
வணக்கம். மாசிக் கடைசியில் அம்மாவையும் பெரியம்மாவையும் காரில் கூட்டிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக ராமேஸ்வரம் போகிறேன். காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் அன்று மாலையே தனுஷ்கோடியைப் பார்த்துவிட்டு ராமேஸ்வரத்தில் தங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். பெரியம்மாவோ, "சேதுவுக்கு முறைப்படி போகணும், நேரே போய் இறங்கக் கூடாது" என்கிறார். அந்த முறை என்ன? ஒரே நாளில் முடியுமா? அவருக்கு முழங்கால் வலி, ரொம்ப தூரம் நடக்க முடியாது.

தேவிபட்டினம் டிரைவர்:
தம்பி, உங்கள் பெரியம்மா சொல்வதுதான் சரி. நான் ஓய்வு பெறும்வரை தொண்டி–ராமநாதபுரம் தடத்தில் பஸ் ஓட்டியவன். கைத்தடியும் துணி மூட்டையுமாக வரும் வடநாட்டு யாத்திரிகர்கள்கூட இந்த வரிசை தெரிந்து ஊர் ஊராக இறங்குவார்கள். முதலில் உப்பூர் பிள்ளையார், அடுத்து தேவிபட்டினம் நவபாஷாணம், பிறகு திருப்புல்லாணிப் பெருமாள், சேதுக்கரைக் கடல். அதற்கப்புறம்தான் ராமேஸ்வரம்.

இன்றைக்குப் பாம்பன் பாலத்தில் சர்ரென்று போய்விடுகிறோம். அந்தச் சாலைப் பாலம் திறந்தது 1988இல்தான். அதுவரை பஸ் மண்டபம் ஊரோடு சரி, அங்கிருந்து ரயில். 1914க்கு முன்பு ரயில் பாலமும் இல்லை, படகுதான். நடந்து வருகிறவர்களுக்காக ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர்கள் வழிநெடுகச் சத்திரம் கட்டி, அதற்கு ஊர்களையே மானியமாக எழுதிவைத்தார்கள். தங்கித் தங்கிப் போவதற்கென்றே அமைந்த வழி இது. முதல் நாளை ராமநாதபுரத்தோடு நிறுத்துங்கள் என்று சொல்வது அதனால்தான்.

ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஏழு, ஏழரைக்குத் தொண்டி. அங்கே டீ குடித்துவிட்டு உப்பூர். வெயிலுகந்த விநாயகர், கருவறைக்கு மேலே கூரை கிடையாது, சூரிய ஒளி நேரே அவர்மேல் விழும். சாலையை ஒட்டியே இருப்பதால் பெரியம்மாவுக்குச் சிரமம் இருக்காது.

தேவிபட்டினத்தில்தான் நேரம் கொடுக்க வேண்டும். எங்கள் ஊர் என்பதற்காகச் சொல்லவில்லை. கடலுக்குள் ஒன்பது கல், ராமர் நட்ட நவக்கிரகம் என்பது நம்பிக்கை. கல்லைச் சுற்றி நடைமேடை போட்டிருக்கிறார்கள். நீர் ஏறியிருந்தால் குட்டையான கற்கள் முழுகிவிடும். நீர் வற்றும் நேரத்தில் பார்த்தால் நவதானியம் கல்லின் இடுக்கில் ஒட்டிக்கொண்டிருப்பதும், அதைக் கொத்த மீன் கூட்டம் வருவதும் தெரியும். இந்தப் பக்கம் பாக் விரிகுடா, ஆழமில்லாத கடல். அலை அடிக்காது. பெண் கடல் என்போம். பெரியம்மா படியில் உட்கார்ந்தபடியே குளிக்கலாம், பயமில்லை. ஐப்பசி, கார்த்திகை வாடைக்காற்றில் மட்டும் இதே கடல் சீறும்.

அங்கிருந்து ராமநாதபுரம் வருகிற வழியில் கொஞ்சம் மெதுவாக ஓட்டுங்கள். மாசியில் குண்டு மிளகாய் காயப்போட்டிருப்பார்கள். கண்ணாடியை இறக்கினாலே நெடி ஏறும். கோலிக்குண்டு மாதிரி உருண்டையாக இருக்கும் எங்கள் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. களத்திலேயே கேட்டு வாங்குங்கள். குலுக்கிப் பாருங்கள், விதை கலகலவென்று ஆடினால் நன்றாகக் காய்ந்த சரக்கு.

திருப்புல்லாணியில் பன்னிரண்டு மணிவாக்கில் நடை சாத்திவிடுவார்கள், பதினொன்றுக்குள் போய்விடுங்கள். சேதுக்கரை அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். அது மன்னார் வளைகுடா, ஆண் கடல். அலை இருக்கும், பெரியம்மாவை இறங்கவிடாதீர்கள், தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டால் போதும். கடலைப் பார்த்தபடி ஆஞ்சநேயர் நிற்கிறார். பிறகு ராமநாதபுரத்துக்குத் திரும்பிச் சாப்பாடு, ஓய்வு.

ராமநாதபுரம் மருமகள்:
ஐயா சொன்னதோடு ரெண்டு விஷயம் சேர்க்கிறேன். தேவிபட்டினத்தில் குளித்த ஈரத் துணியோடு காரில் ஏற வேண்டியிருக்கும். சீட்டில் விரிக்க பிளாஸ்டிக் விரிப்பும் ஒரு மாற்றுப் புடவையும் கையோடு இருக்கட்டும். திருப்புல்லாணியில் பால் பாயசம் விசேஷம். குழந்தை வரம் வேண்டி வருகிறவர்களுக்கு அது பெரிய நம்பிக்கை, என் நாத்தனாரும் வேண்டிக்கொண்டு போய் வந்தவர்தான். தர்ப்பைப் புல்மேல் படுத்திருக்கும் ராமர் சந்நிதியை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், மாலையில் அம்மாவுக்குத் தெம்பு இருந்தால் அரண்மனையில் ராமலிங்க விலாசம் பாருங்கள். போகலூரிலிருந்து தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றியவர் கிழவன் சேதுபதி. சுவர் முழுக்கச் சேதுபதிகள் காலத்து ஓவியம், போர்க் காட்சிகூட உண்டு. சாயந்தரம் சீக்கிரமே பூட்டிவிடுவார்கள்.

பட்டுக்கோட்டைப் பையன்:
ரொம்ப நன்றி ஐயா, நன்றி அக்கா. பெரியம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவர் முகத்தைப் பார்க்கணுமே! ஒரே சந்தேகம். வழியில் தாமதமாகி, திருப்புல்லாணி நடை சாத்திவிட்டால் சேதுக்கரைக்கு மட்டும் போய்விட்டுத் திரும்பலாமா? தனுஷ்கோடியை எப்போது வைத்துக்கொள்வது?

தேவிபட்டினம் டிரைவர்:
வேண்டாம் தம்பி. தாமதமானால் ராமநாதபுரத்தில் சாப்பிட்டுப் படுத்துவிட்டு நாலு மணிக்கு மேல் திருப்புல்லாணி போங்கள். தரிசனம் முடித்துச் சேதுக்கரைக்கு இருட்டுவதற்குள் போய்விடலாம். அன்றைக்கு அரண்மனை கிடையாது, அவ்வளவுதான்.

தனுஷ்கோடியை மறுநாள் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் போனால் பொழுது சாய்வதற்குள் வண்டியைத் திருப்பச் சொல்லிவிடுவார்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் அது. பயணிகளோடு ரயிலையே கடல் கொண்டுபோனது. தேவாலயச் சுவரும் ரயில் நிலையத்து இடிபாடும் இன்னும் நிற்கின்றன. அதை அவசர அவசரமாகப் பார்த்துவிட்டு வருவது எனக்குப் பிடிக்காது. பாம்பன் பாலத்தில் பக்கவாட்டுக் காற்று பலமாக இருக்கும், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடியுங்கள். படம் எடுக்க நடுவில் நிறுத்தாதீர்கள். பெட்ரோலை ராமநாதபுரத்திலேயே நிரப்பிவிடுங்கள்.