அப்டேட்: கண்ணு ஒட்டிப்போன பூனைக்குட்டி இப்போ சாப்பிடுது

மழையில சாக்கடை ஓரமா கெடந்த குட்டி, கண்ணு ரெண்டும் பீளை ஒட்டி மூக்கடைச்சு, எதக் குடுத்தாலும் மோந்துகூட பாக்கலைன்னு கேட்டிருந்தேன்ல, பொழச்சிருச்சு, பதில் போட்ட எல்லாருக்கும் தேங்க்ஸ். வேலை செஞ்சது "மூக்கடைப்புல வாசனை தெரியாமதான் சாப்பிடல, ஆவி காட்டுங்க"ன்னு ஒரு அக்கா சொன்னது. பாத்ரூம்ல வெந்நீர் பக்கெட்ட தள்ளி வச்சு, கதவ சாத்தி 10 நிமிஷம் மடியில வச்சிருந்தேன், தும்மித் தும்மி என் நைட்டி பூரா சளி, அப்புறம் வேகவச்ச மத்தி மீன முள்ளெடுத்து வெதுவெதுப்பா உதட்டுல தடவுனா நாக்க நீட்டிருச்சு. கூடவே டாக்டர் குடுத்த ஆன்டிபயாடிக், கண்ணு மருந்து. பசும்பால நிறுத்துனதும் பேதியும் நின்னுச்சு. எதிர்பாக்காதது, வயித்துப் பூச்சிக்கு மருந்து குடுத்த மறுநாள் நூடுல்ஸ் மாதிரி புழு, உவ்வே. காய்ச்சல்னு பாராசிட்டமால் மட்டும் குடுத்துறாதீங்க, பூனைக்கு அது விஷம். கருப்பன்னு பேரு வச்சோம், பொண்ணாம், டாக்டர் சொல்லித்தான் தெரிஞ்சுது.