மறு: ‘முடிவிலி நூலகம்’ என்ற சொல் சரியா?

சொல்லாக்கக் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் ‘பாபேல் நூலகம்’ என்றொரு கதை எழுதினார்; எழுத்துகளை எப்படியெல்லாம் அடுக்க முடியுமோ அத்தனையும் நூல்களாக இருக்கும் நூலகம் அது. அதற்குள் ஜெர்மானியத் தத்துவவாதியும் கணித மேதையுமான லைப்னிட்ஸை நடக்கவிட்டு ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘முடிவிலி நூலகத்தில் லைப்னிட்ஸ்’ என்று தலைப்பு வைத்ததும் உறுத்தியது. மனுஷன் முதல் அறையிலேயே சண்டைக்கு வருவார்.

1941-இல் வந்த அந்தக் கதையில் நூலுக்கு 410 பக்கம், பக்கத்துக்கு 40 வரி, வரிக்குச் சுமார் 80 எழுத்து. குறிகள் மொத்தம் 25. ஆக, ஒரு நூலில் 13,12,000 இடங்கள். அந்த இடங்களை இந்தக் குறிகளால் நிரப்பும் எல்லா விதங்களையும் எண்ணினால் வரும் எண் 18,34,098 இலக்கம் நீளம். அதை எழுதவே அந்த நூலகத்து நூல் இரண்டு வேண்டும். (எழுதவும் முடியாது. 22 எழுத்து, காற்புள்ளி, முற்றுப்புள்ளி, இடைவெளி தவிர அங்கே எண்களே கிடையாது!) கட்டடம் முடிவற்றதாக இருக்கலாம், நூல்கள் அப்படியல்ல. பிறகு எப்படி முடிவிலி?

லைப்னிட்ஸ் வெறும் தத்துவவாதி அல்ல, நூலகர். ஹானோவரில் 1676 முதல், வோல்ஃபன்பியூட்டலில் 1691 முதல் சாகும்வரை. உள்ளே போனதும் நூற்பட்டியலைத்தான் கேட்பார். மனிதர் எழுதக்கூடிய எல்லா நூல்களையும் எண்ணிவிடலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவரும் அவரே.

ஆகவே, எண்ணிக்கை உண்டு, ஆனால் யாராலும் போய்ச் சேர முடியாது என்பதற்கு ஒரு சொல் வேண்டும். ‘எண்ணிலி’ ஆகாது, இங்கே எண் இருக்கிறதே. முதலில் ‘முடிவெட்டா நூலகம்’ என்று எழுதினேன். வீட்டில் படித்துவிட்டு, “சலூனுக்கா பெயர் வைக்கிறீங்க?” என்றார்கள். கைவிட்டேன்.

— சேலம், செவ்வாய்ப்பேட்டையிலிருந்து

*

ஐயா, வணக்கம். தொல்காப்பியத்தில் ‘கந்தழி’ இருக்கிறதே, அதை எடுக்கலாமே?

— ஏற்காட்டிலிருந்து

*

கந்தழி அழகான சொல்தான். ஆனால் நச்சினார்க்கினியர் அதற்குச் சொல்வது பற்றுக்கோடின்றித் தானே நிற்கும் பொருளை. கடவுளுக்குப் பொருந்தும், அலமாரிக்குப் பொருந்தாது.

நான் யோசித்தது ‘தொடுவானத்தொகை’. மனித அறிவின் தொடுவானம் என்ற பொருளில் லைப்னிட்ஸே ஒரு கட்டுரைக்குத் தலைப்பு வைத்திருக்கிறார்.

— செவ்வாய்ப்பேட்டை

*

மறுக்கிறேன் ஐயா. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து பார்த்தால் தொடுவானம் தள்ளிப் போயிருக்கும். நிற்கும் இடத்துக்கேற்ப அது மாறும். உங்கள் எண் மாறாதது. எட்டாதது என்பதுதானே கருத்து? ‘எட்டாவெண்’ என்றே வைக்கலாம்.

— ஏற்காடு

*

எட்டாவெண் என்றால் முக்கால்வாசிப் பேர் ஏழுக்கு அடுத்ததைத்தான் நினைப்பார்கள். தொடுவானம் பற்றி நீங்கள் சொன்னது சரி, விட்டுவிடுகிறேன். உங்கள் ‘எட்டா’வையும் என் ‘தொகை’யையும் சேர்த்தால் எட்டாத்தொகை. எப்படி?

நேற்று இளம்பிள்ளையில் சேலைக்கு ஜக்கார்டு அட்டை (எந்த இழை மேலே எழ வேண்டும் என்று தறிக்குச் சொல்லும் துளை அட்டை) அடிக்கும் அண்ணன் ஒருவரிடம் சோதித்துப் பார்த்தேன். தறிமேல் இழை தூக்கும் 240 கொக்கிப் பெட்டி, அட்டையில் கொக்கிக்கு ஓர் இடம். ஒவ்வோர் இடத்திலும் துளை உண்டு அல்லது இல்லை. லைப்னிட்ஸ் 1703-இல் எழுதிய 0, 1 கணக்கேதான். ஊடை (குறுக்கிழை) ஒன்றுக்கு ஓர் அட்டை. அந்த ஓர் அட்டையையே எத்தனை விதமாக அடிக்கலாம் என்றால் 73 இலக்க எண் வருகிறது. “இதை முடிவிலி என்பீர்களா?” என்று கேட்டேன். “அதெப்படி? அட்டையில இடம் எண்ணித்தானே இருக்கு. அடிக்கத்தான் ஆயுசு பத்தாது” என்றார். எட்டாத்தொகை என்றதும், “எட்டாதுன்னா சரி” என்று அடுத்த அட்டைக்குப் போய்விட்டார். எனக்கு அது போதும்.

— செவ்வாய்ப்பேட்டை

*

எட்டுத்தொகையோடு குழம்பாதா ஐயா? நற்றிணை முதல் புறநானூறு வரை எட்டும் நம் கைக்கு எட்டியவை ஆயிற்றே!

— ஏற்காடு

*

குழம்பினால் நல்லதுதான், ஒருமுறை சிரித்தவருக்கு மறக்காது. கணிதத்தில் ‘முடிவுறு’ என்பதை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் உள்வகையாக எட்டாத்தொகையைச் சேர்க்கலாம். சொற்பட்டியலுக்கு என் வரைவு:

எட்டாத்தொகை: முடிவுறு எண்ணிக்கை உடையதாயினும், ஒவ்வொன்றாக எண்ணியோ ஆக்கியோ முடிக்க இயலாத தொகுதி. எ-கா: பாபேல் நூலகத்தின் நூல்கள்.

கட்டுரைத் தலைப்பையும் ‘எட்டாத்தொகை நூலகத்தில் லைப்னிட்ஸ்’ என்று மாற்றிவிட்டேன். நடுவில் ‘த்’ இல்லாமல் எழுத வேண்டும் என்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.

— செவ்வாய்ப்பேட்டை